மேனேஜரைக் கேட்டுவிட்டு வருகிறவர்

‘என்னைத் தாண்டி எப்படிப் போகலாம்?’ என்று கேட்பதற்காகவே பிறந்த ஓர் இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். டெக்சஸில், எங்கள் ஊரில், அது பெரிய தொப்பி வைத்துக்கொண்டு கார் விற்கிறது. பெயர் வெண்டல் க்ராட்ஸ்.

பள்ளிக்கூட ஃபுட்பால் அணிக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பார், சர்ச் விருந்துக்கு மாட்டு நெஞ்சுக்கறியைப் பதமாகச் சுட்டு அனுப்புவார், டிவி விளம்பரத்தில் குதிரைமேல் வந்து “நான் உங்க வீட்டுப் பிள்ளை” என்பார், ஆனால் கடைக்குப் போய் விலை கேட்டால் மட்டும் சொல்ல மாட்டார். “இருங்க, மேனேஜரைக் கேட்டுட்டு வர்றேன்” என்று உள்ளே போய்விடுவார். இருபது நிமிஷம். முதலாளியே அவர்தானே, எந்த மேனேஜரை? உள்ளே நின்று டோனட் தின்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இந்த நேரம் பார்த்து ஒரு மின்சாரக் கார் கம்பெனி நடுவில் ஆள் இல்லாமல் கடை போட்டது. கம்பெனி நேரே விற்கக் கூடாது, நடுவில் வெண்டல் மாதிரி ஒரு வியாபாரி வேண்டும் என்பது இங்கே சட்டம்; அதனால் அந்தக் கடையில் காரைக் காட்டலாம், விற்க முடியாது. தினமும் அறுபது மைல் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற நர்ஸ் டார்லா ஆசையாகப் போனாள்.

“என்னம்மா விலை?” என்று கடைப் பெண்ணைக் கேட்டாள்.

“அதை நான் சொல்லக் கூடாதுங்க. வீட்டுக்குப் போய் போன்ல பாருங்க.”

“ஓட்டியாவது பாக்கலாமா?”

“உக்காந்து பாக்கலாம்.”

“அடக் கடவுளே, இது கடையா மியூசியமா?”

அந்தச் சட்டத்தை மாற்ற ஒரு மசோதா வந்தது. வெண்டலுக்குத் தூக்கம் போயிற்று. தலைநகர் ஆஸ்டினுக்கு ஓடி, சட்டசபைக் குழுவின் முன்னால் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். டார்லாவும் லீவு போட்டு வந்து உட்கார்ந்திருந்தாள்.

“நடுவுல நாங்க இல்லேன்னா ஜனங்களை மொட்டை அடிச்சுடுவாங்கம்மா. எங்களை மாதிரி மூஞ்சிக்கு நேரா விலை சொல்ல யாரு இருக்கா?”

“ரொம்ப சரி, வெண்டல்” என்றார் தலைவி லவான் ப்ரூயிட். “உங்க கடை வாசல்ல ஒரு சிவப்பு பிக்கப் வண்டி நிக்குதே, அது என்ன விலை?”

முப்பது வருஷப் பழக்கம், சும்மா விடுமா? சட்டென்று எழுந்தார். “இருங்கம்மா, மேனேஜரைக் கேட்டுட்டு வர்றேன்.”

கதவுவரை போன பிறகுதான் அவருக்கே உறைத்தது. டார்லா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மசோதா ஜெயித்திருக்குமே என்கிறீர்களா? போங்கள் ஐயா! குழுவில் ஒன்பது பேர். அதில் ஐந்து பேர் அவர் சுட்ட கறியைச் சாப்பிட்டவர்கள். ஐந்துக்கு நான்கு, மசோதா செத்தது. டார்லா இன்னும் போனில்தான் விலை பார்க்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் உங்கள் தம்பி தானே போய் ஒரு வீட்டைப் பேசி முடித்துவிட்டான் என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்களே, “என்னை ஒரு வார்த்தை கேட்டானா?” என்று? சரி, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

“இருடா, ஒருத்தரைக் கேட்டுட்டுச் சொல்றேன்.”