ஏன்னா ஆசாமியும் படகின் முன் இருக்கையும்

ஏன்னா ஆசாமி என்றொரு இனம் இருக்கிறது. எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் கென்டக்கி மலைப்பக்கத்து அணை ஏரிகளில், அக்டோபர் மாதத்தில்தான் அது நன்றாகக் கொழுத்து வளர்கிறது. அடையாளம் கண்டுகொள்வது எளிது. படகின் முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கும். கையில் தூண்டில் இருக்கும். தூண்டிலில் ஒன்றும் இருக்காது. "என்னப்பா, ஏதாச்சும் மாட்டுச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். மற்றவர்கள் "இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இது மட்டும் "ஏன்னா..." என்று ஆரம்பிக்கும்.

காற்று கிழக்கிலிருந்து அடிப்பதால், நேற்று நிலா பெரிதாக இருந்ததால், ஏரியின் அடித்தண்ணீர் மேலே வந்து மேல்தண்ணீர் கீழே போய்க் கலங்கிவிட்டதால், வெயில் அதிகமாக இருப்பதால், வெயில் போதாததால், பக்கத்துப் படகுக்காரன் இருமியதால் என்று வரிசையாகக் காரணம் வரும். மீன் மட்டும் வராது. இவ்வளவு தெரிந்த ஒருவரிடம் போய் மாட்டிக்கொள்ள அந்த மீனுக்குக் கூச்சமாக இருக்காதா?

கோல்ட்டர் ஏரியில் இந்த இனத்தின் தலைசிறந்த உருப்படி வெண்டல் ஸ்பர்லாக். நூற்றுப் பத்து கிலோ. படகில் மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் திரைகள் இரண்டு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எது பொய் சொல்கிறது என்று விளக்க ஒரு வாய். இலையுதிர்காலத்தில் தண்ணீர் குளிர்ந்ததும் பொடி மீன்கள் கூட்டமாக ஓடைகளுக்குள் நுழையும், அவற்றைத் தின்னப் பின்னாலேயே பாஸ் மீன்கள் போகும் என்பார் அவர். உண்மைதான். அவர் சொல்வதில் தப்பே இருக்காது. அதுதான் கொடுமை.

இந்த விளக்கங்களையெல்லாம் பன்னிரண்டு வருடமாகப் பின் இருக்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவர் அவருடைய மனைவி ஒனீட்டா. பின் இருக்கை என்றால் என்ன என்று படகில் போனவர்களுக்குத் தெரியும். முன்னால் இருப்பவர் காலால் சின்ன மோட்டாரை மிதித்துப் படகைத் திருப்புவார். மீன் பதுங்கும் ஒவ்வொரு மரக்கட்டையிலும் முதல் வீச்சு அவருடையது. பின்னால் இருப்பவருக்கு மிஞ்சுவது எச்சில் தண்ணீர். போதாததற்கு, முன்னாலிருந்து வீசும் தூண்டில் முள் அவ்வப்போது தொப்பியை உரசிக்கொண்டு போகும்.

"ஒரு நாள் நான் முன்னாடி உக்காரட்டுமா?" என்று ஒனீட்டா கேட்டதுண்டு.

"உக்காரலாம். ஆனா சரியா வராது. ஏன்னா..."

போன வசந்தத்தில், மீன்பிடிச் சங்கத்தின் விருந்தில், பொரித்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் அவள் சொல்லிவிட்டாள்: "அக்டோபர் போட்டியில என் மீன் உன் மீனைவிட எடை கூட நின்னா, அன்னியிலருந்து ஒரு வருஷம் முழுக்க முன் இருக்கை எனக்கு."

வெண்டல் சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். சங்கத்தில் மீனை எடை போடுகிறவர் ஆர்வில்; அவர்தான் சாட்சி. மூன்று மணிக்குள் தராசில் ஏறிய மீன்தான் கணக்கு என்றும் அவரே சொன்னார்.

போட்டி நாள் விடிந்தது. மழைக்காலத்துக்கு இடம் விட, அணையில் வழக்கம்போல் தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். படகை இறக்கும் இடத்தில் வெண்டல் ஆர்விலைப் பிடித்து நிறுத்தி அதையும் விளக்கினார்.

"ஓடைக்குள்ள போறவன் ஜாக்கிரதையா இருக்கணும் ஆர்வில். உள்ள போகும்போது தண்ணி இருக்கும், திரும்பும்போது சேறுதான் இருக்கும். ஏன்னா..."

"தெரியும்யா. முப்பது வருஷமா இந்தக் கரையிலதான் குடியிருக்கேன்."

அப்புறம் வெண்டல் நேராக ஓடைக்குள் போனார். ஓடை வாயில் இருந்த சேற்றுத் திட்டின் மேல் படகு வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நுழைந்தது. உள்ளே அவர் சொன்னபடியே பொடி மீன்கள் கொதித்துக்கொண்டிருந்தன. பாஸ் மீன்களும் வந்திருந்தன. எல்லாம் சரி. ஆனால் எது எங்கே நிற்கும், ஏன் நிற்கும் என்று அவர் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஒனீட்டா பேசாமல் பழைய ஊதா ரப்பர் புழுவை எச்சில் தண்ணீரில் போட்டுப் போட்டு, மதியத்துக்குள் ஐந்து மீன்களைப் படகின் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டிருந்தாள். போட்டியில் ஒருவருக்கு ஐந்துதான் எல்லை. அவருக்கு ஒன்றும் இல்லை.

ஒன்றரை மணிக்கு அவள் சொன்னாள்: "வெண்டல், காலையில அந்தக் கட்டையோட நுனி மட்டும்தான் தெரிஞ்சுது. இப்ப இடுப்பு வரைக்கும் தெரியுது."

"அது வேற கட்டை. ஏன்னா..."

"அதுமேல உன் மஞ்சத் தூண்டில் முள்ளு தொங்குது. காலையில நீதான் மாட்டிவிட்டே."

வெண்டல் கட்டையைப் பார்த்தார். திரைகளைப் பார்த்தார். இரண்டு திரையும் முதல் முறையாக ஒத்துப்போயின: கீழே தண்ணீர் இல்லை.

ஓடை வாய்க்கு வந்தபோது படகின் மூக்கு சேற்றுத் திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. மணி இரண்டே கால். ஒனீட்டா தொட்டியின் மூடியைத் திறந்து ஐந்து மீனையும் ஒரு தடவை பார்த்தாள். பன்னிரண்டு வருடத்து எச்சில் தண்ணீருக்குக் கூலி அதற்குள் நீந்திக்கொண்டிருந்தது.

"என்ன செய்யலாம் பேராசிரியரே?"

"ஒருத்தர் இறங்கித் தள்ளணும். எடை கூட இருக்கிறவங்க இறங்கினாத்தான் படகு மேல எழும்பும். ஏன்னா..."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. ஒனீட்டா அவருடைய வயிற்றை மட்டும் பார்த்தாள்.

இறங்கினார். தொடை வரை சேறு. இடது பூட்ஸ் அங்கேயே தங்கிவிட்டது. முக்கி, முனகி, ஒரு தள்ளு தள்ளினார். படகு வழுக்கிக்கொண்டு திட்டைத் தாண்டி ஆழத்துக்குப் போய் மிதந்தது. ஒனீட்டா மோட்டாரைக் கிளப்பி அவர் பக்கம் திருப்பினாள்.

"கிட்ட வராதே! மறுபடி மாட்டிக்கும். ஏன்னா இந்தத் திட்டு..."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் ஒனீட்டா. "கரைக்கு ஏறி நில்லு. வந்து கூட்டிட்டுப் போறேன்."

பன்னிரண்டு வருடத்தில் அவர் பேச்சை அவள் இப்படி அட்சரம் பிசகாமல் கேட்டது அதுதான் முதல் தடவை. படகு முழு வேகத்தில் பறந்தது.

மூன்றடிக்க நாலு நிமிடம் இருக்கும்போது ஐந்து மீனும் தராசில் ஏறின.

"பதினோரு பவுண்டு!" என்றார் ஆர்வில். "வெண்டல் எங்கே?"

"சேத்துல. விளக்கிட்டிருக்கான்."

"யாருக்கு?"

"ஒரு கொக்கு நின்னுது."

போட்டியில் ஒனீட்டாவுக்கு நாலாவது இடம். கோப்பை கிடையாது. அதனால் என்ன? வெண்டலைவிடச் சரியாகப் பதினோரு பவுண்டு கூட.

நாலு மணிக்கு அவள் ஒரு துண்டும் பலோனி இறைச்சி வைத்த சாண்ட்விச்சும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். கரை செங்குத்தாக இறங்கும் இடத்தில், ஒற்றை பூட்ஸோடு நின்றிருந்தார் வெண்டல். கொக்கு போய்விட்டிருந்தது. ஏறியதும் கால் தானாக முன்பக்கம் போனது. ஒனீட்டா தொண்டையைச் செருமினாள். அவர் நின்றார். துண்டை வாங்கிக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தார்.

படகு கொஞ்ச தூரம் போனது. பிறகு பின்னாலிருந்து வந்தது:

"உனக்கு இன்னிக்கு ஏன் மாட்டுச்சு தெரியுமா? மீனெல்லாம் முன் இருக்கைச் சத்தத்துக்குப் பயந்து பின்பக்கமா ஒதுங்கியிருக்கும். ஏன்னா..."

"அது சரிதான்" என்றாள் ஒனீட்டா. ஒரு நல்ல மரக்கட்டையைப் பார்த்து மோட்டாரை மிதித்தாள். அவள் தூண்டிலைப் பின்னுக்கு இழுத்து ஓங்கியபோது முள் அவர் தொப்பியை உரசிக்கொண்டு போனது.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு யாராவது ஒருவர் முகம் ஞாபகம் வந்திருக்கும். மைத்துனரோ, மேலதிகாரியோ, மாடிவீட்டுக்காரரோ. சிரித்திருப்பீர்கள். நல்லது. ஆனால் நடுவில் ஒரு கணம், 'ஒரே ஆள் இறங்கித் தள்ளினால் அவ்வளவு பெரிய படகு சேற்றிலிருந்து கிளம்பாதே' என்று தோன்றியதா? பக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சொல்ல உதடு அசைந்ததா?

அப்படியானால், தயவுசெய்து மெதுவாக எழுந்து பின்னால் போய் உட்காருங்கள். தொப்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.