பக்கத்து மேஜைக்காரரின் ரசனை

மெனுவில் ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. அதனால் மாப்பிள்ளை அதை மிக நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பிரச்சினை மெனு அல்ல, எதிரே உட்கார்ந்திருந்த மாமனார். "மாப்பிள்ளைக்கு மீன் பார்க்கத் தெரியல" என்று கல்யாணமான மறுமாதமே தீர்ப்புச் சொன்னவர். ஊர் சுற்ற வந்த இடத்திலாவது அந்தத் தீர்ப்பை உடைத்துவிட வேண்டும் என்றுதான் மாப்பிள்ளை குடும்பத்தைப் பிரெஞ்சு ஓட்டலுக்கு இழுத்து வந்திருந்தார். போதாக்குறைக்கு, "காலேஜ்ல ரெண்டு வருஷம் பிரெஞ்சு படிச்சேன் மாமா" என்று ரயிலில் அளந்தும் தொலைத்திருந்தார்.

"என்னங்க போட்டிருக்கு?" என்றாள் மனைவி.

"எல்லாம் மீன்தான். விதவிதமா."

அப்போதுதான் பக்கத்து மேஜை கண்ணில் பட்டது. கோட்டுப் போட்ட ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் பெரிய தட்டில் நண்டு, இறால், முழு மீன். பக்கத்தில் செஃப்பே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோட்டுக்காரர் ஒரு துண்டை வாயில் வைத்து, கண்ணை மூடி, மெதுவாக விழுங்கினார். கண்ணோரம் நீர் கசிந்தது.

"பிரமாதம்!" என்றார்.

"பார்த்தீங்களா மாமா? அதுக்குப் பேர்தான் ரசனை." மாப்பிள்ளை சர்வரைக் கூப்பிட்டார். "அவருக்கு வெச்சதே எங்களுக்கும்."

சர்வர் நெளிந்தார். "சார், அது கஸ்டமருக்குக் குடுக்கிறதில்ல."

மாமனார் எதிரில் இப்படியா? "ஏன், எங்களைப் பார்த்தா எப்படித் தெரியுது?"

செஃப்பே வந்தார். "வேணாம் சார். வேற நல்லதா செஞ்சு தர்றேன்."

"நல்லது கெட்டது எனக்குத் தெரியும். அதேதான் வேணும்!"

செஃப் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனார். பிறகு தட்டு வந்தது.

மாமனார் மூக்கைச் சுருக்கினார். "வாடை வருதே மாப்பிள்ளை."

"பிரெஞ்சு மசாலா மாமா."

"சதை கொழகொழன்னு இருக்கு."

"அது பக்குவம்."

மாமனார் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டார். மனைவிக்குத் திடீரென்று தலைவலி. ஆக, மூன்று பேர் சாப்பாடும் மாப்பிள்ளை தலையில். வாய்க்கு வாய் "ஆஹா" போட்டார். நாலாவது ஆஹாவில் குரல் உடைந்து, அவர் கண்ணிலும் நீர் வந்தது.

கோட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். மாப்பிள்ளையைச் செஃப்பிடம் காட்டிக் காட்டி என்னவோ சொன்னார். செஃப் தலையைக் குனிந்துகொண்டார். மாமனாரும் அதைப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு அது போதும். மீன் தலையைக்கூட விடவில்லை.

தட்டு காலியானதும் கோட்டுக்காரர் ஓடி வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கோடி புண்ணியம் சார்! 'நீ சப்ளை பண்ணின மீன் அழுகிப்போச்சு, இல்லேன்னு சொன்னா நீயே தின்னு காட்டு'ன்னு அந்த செஃப் என்னை மத்தியானத்துலேருந்து உட்கார வெச்சிருந்தான். நீங்க மட்டும் வரலேன்னா என் கான்ட்ராக்டே போயிருக்கும்!"