முந்தினவன் செய்த வேலை

உரும்பிராயில் ஒரு கதை அடிபட்டது. பஞ்சலிங்கத்தாரின் மோட்டார் சைக்கிள், அதை அவருக்கு விற்ற ஆளை ஏசினால்தான் உயிர் பெறுமாம். எவ்வளவு காரமாக ஏசுகிறாரோ அவ்வளவு கெதியாக ஓடுமாம். இப்படியான கதைகளைச் சந்தியில் கேட்டுவிட்டுச் சந்தியிலேயே விட்டுவிட்டு வரக் கூடாது. நேரே போய்ப் பார்த்துவிட வேண்டும். பார்த்தாயிற்று. கதை பொய். ஏசியும் அது ஓடவில்லை.

ஆனால் போன கால் வீணாகவில்லை. ஓர் இனத்தைக் கிட்ட நின்று பார்க்கக் கிடைத்தது.

இந்த இனத்தவர் யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கப் பரந்து வாழ்கிறார்கள். எந்த வேலை கைக்கு வந்தாலும் முதலில் ஆயுதத்தைத் தொடமாட்டார்கள். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, தலையை ஒரு பக்கம் சரித்து, ஒரு ‘ச்சு’ கொட்டி, "உந்த வேலை ஆர் பார்த்தது?" என்பார்கள். தலைமயிர் வெட்டப் போனால் கத்தரிக்கோலைக் காதடியில் நிறுத்திவைத்துக்கொண்டு, போன முறை யாரிடம் தலையைக் கொடுத்தீர்கள் என்று விசாரிக்கிறவர்; சட்டை தைக்கக் கொடுத்தால் நீங்கள் போட்டிருக்கிற சட்டையின் தோள்மூட்டைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறவர்; சுவர் பூச வந்து, பூசாமல், அந்தச் சுவரைக் கட்டியவனின் பரம்பரையைப் பூசிவிட்டுத் தேத்தண்ணி கேட்கிறவர்; நாடியைப் பிடித்தபடியே பழைய பரியாரியாரின் மருந்துக்குத்தான் இந்த வருத்தம் வந்தது என்று கண்டுபிடிக்கிற புதுப் பரியாரியார். எல்லாரும் ஒரு குலம். பிரமதேவனுக்கு முந்தி ஒருவன் உலகத்தைப் படைத்திருக்கவில்லை. அது நாம் செய்த புண்ணியம். படைத்திருந்தால் பிரமன் இன்றைக்கும் அவனை ஏசிக்கொண்டு நின்றிருப்பார். நாம் பிறந்திருக்கமாட்டோம்.

அந்தக் குலத்தின் கொழுந்து பஞ்சலிங்கத்தார். கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர். மோட்டார் சைக்கிளை அரியாலை ஏரம்புவிடம் வாங்கினார். பழைய ஹொண்டா. வாங்கின அன்றைக்கு அது அரியாலையிலிருந்து உரும்பிராய் வரைக்கும் ஒரு முனகலும் இல்லாமல் ஓடி வந்தது. அங்கேதான் பிழை வந்தது. ஓடுகிற வண்டியை ஓட விடுவது இந்த இனத்தால் ஆகிற காரியமா?

கொட்டிலில் நிறுத்தி, இடுப்பில் கை ஊன்றி, சுற்றி வந்து பார்த்தார். சைலன்சர் வேலிக்கம்பியால் வரிந்து கட்டப்பட்டிருந்தது. ஒரு திருகாணி இருக்க வேண்டிய ஓட்டைக்குள் ஆணி அறையப்பட்டிருந்தது. எண்ணெய்த் தாங்கியின் அடிவயிற்று ஓட்டையை அடைத்துச் சவுக்காரம் அப்பியிருந்தது. எஞ்சினின் தலையைக் கழற்றினால், உள்ளே, கொம்பனி வைத்த மெல்லிய கஸ்கற்றுக்கு மேலே, பால்மா அடைத்து வந்த தகர ரின்னை வட்டமாக வெட்டிய ஒரு தகடு. அந்தத் தகட்டைக் கண்டதும் பஞ்சலிங்கத்தாரின் முகத்தில் தோன்றிய ஒளியை, பிள்ளையார் பால் குடித்தாலும் பக்தனின் முகத்தில் காண முடியாது.

"பால்மா ரின்," என்றார் வேலிக்கு அப்பால் நின்ற நல்லம்மாவிடம். "எஞ்சினுக்குள்ளை பால்மா ரின். உவன் ஏரம்பு தேத்தண்ணியும் இதுக்குள்ளைதான் ஊத்தினவனோ தெரியேல்லை."

"ஓடி வந்ததுதானே தம்பி," என்றாள் நல்லம்மா.

"ஓடுறது பெரிசில்லையக்கா. முறையா ஓட வேணும். கொம்பனிக்காரன் செய்த மாதிரி."

கொம்பனிக்காரன் செய்த மாதிரியே செய்தார். கம்பியை அறுத்தார், ஆணியைப் பிடுங்கினார், சவுக்காரத்தைச் சுரண்டினார், தகட்டை வளவுக்குள் வீசினார். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஏச்சு. முடிவில் வண்டி, கொம்பனியின் வாசலிலிருந்து இறங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஆயிற்று. கொம்பனியின் வாசலில் பெற்றோல் இருந்தது என்ற ஒன்றைத்தான் அவர் யோசிக்கவில்லை.

யுத்தத் தடையால் நம் ஊரில் அப்போது பெற்றோல், மருந்துப் போத்தலில் அடைத்துச் சுவாமிப் படத்துக்குப் பின்னால் வைக்கிற சாமான். நாலு துளியைக் காபரேற்றருக்குக் காட்டி வண்டியை எழுப்புவது, எழும்பினதும் மண்ணெண்ணெயைக் குடிக்கக் கொடுப்பது: இதுதான் வழமை. மண்ணெண்ணெயைக் குடிக்க எஞ்சினுக்குள் கொஞ்சம் இடம் விட வேண்டும். ஏரம்புவின் பால்மாத் தகடு விட்டது அந்த இடம். இப்போது தகடு இல்லை. நாலு துளியில் எழும்பிய வண்டி, மண்ணெண்ணெய் வாயில் பட்டதும் ‘டொக் டொக்’ என்று இருமி, சூடேறி, வாசல் படலையைத் தாண்ட முன்னம் படுத்துவிடும். சவுக்காரம் போன தாங்கி வேறு சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு சிரட்டை. சிரட்டையில் சேர்ந்ததைப் பஞ்சலிங்கத்தாரின் தங்கை இராசமலர் குசினி விளக்குக்கு ஊற்றினாள். மோட்டார் சைக்கிளால் அந்த வீட்டுக்குக் கிடைத்த ஒரே வெளிச்சம் அது.

வெளிச்சம் பஞ்சலிங்கத்தாருக்கும் கிடைத்திருக்கலாம். அரியாலை எட்டாத தூரமில்லை. ஒரு நடை போய், "அண்ணை, உந்தத் தகடு என்னத்துக்கு?" என்று கேட்டிருந்தால் கதை முடிந்தது. கேட்பதா? முந்தினவனையா? இந்த இனம் முந்தினவனைப் பற்றிக் கேட்கும், முந்தினவனிடம் கேளாது.

ஆகவே பின்னேரங்களில் கழற்றினார், பூட்டினார், ஏசினார். நல்லம்மாவுக்கே அலுத்துப்போயிற்று. "நேற்றுச் சொன்னதைத்தானே தம்பி இண்டைக்கும் சொல்லுறாய். அவன்ரை தகப்பனைப் பற்றி ஒண்டும் இல்லையோ?"

இப்படி இருக்கையில்தான் கலியாணப் புறோக்கர் தம்பிஐயா ஒரு சாதகத்தோடு படலையைத் திறந்தார்.

இராசமலருக்கு முப்பது கடந்துவிட்டது. செவ்வாய் சரியாக இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. வந்த சாதகங்கள் பொருந்தவில்லை; பொருந்திய ஒன்றிரண்டை அவள் பொருந்தவில்லை என்றாள். இந்த நடராசாவின் சாதகமோ கையுறை போலப் பொருந்தியது. அதைவிட முக்கியம், இராசமலர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். பிறகு, தம்பிஐயாவின் குடையைத் துடைக்கிற சாட்டில் வந்து, இன்னொருக்கால் வாங்கிப் பார்த்தாள். பஞ்சலிங்கத்தாரின் நெஞ்சு குளிர்ந்தது.

"பெடியனுக்குத் தாய் தேப்பன் இல்லை," என்றார் தம்பிஐயா. "தாய்மாமன் ஓம் எண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை. கொஞ்சம் ரோசக்காரன். மற்றபடி தங்கமான மனிசன். உங்களுக்குத் தெரியும்தானே, அரியாலை ஏரம்பு."

கொட்டிலில் மண்ணெண்ணெய் சிரட்டைக்குள் சொட்டுகிற சத்தம் குசினி வரைக்கும் கேட்டது.

தம்பிஐயா போனதும் இராசமலர் வந்து நின்றாள். "அண்ணை, நான் உங்களிட்டை ஒண்டும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாய்மாமன் பார்க்க வந்திட்டுப் போகுமட்டும் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பியளோ?"

"நான் என்ன சொல்லப் போறன்?"

"தகட்டைப் பற்றி."

பஞ்சலிங்கத்தார் தங்கையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அந்தச் சில நாட்களும் அவர் பட்ட பாட்டை அவர் மட்டுமே அறிவார். ஏசாமல் ஒரு நட்டைக் கழற்றுவது எப்படி என்று அவருக்குத் தெரியாது. நட்டுச் சாவியைப் பிடித்தால் வாய் ஊறியது. ஒருமுறை தனியே நின்று கிணற்றுக்குள் குனிந்து ஏதோ சொன்னதாக நல்லம்மா சொல்கிறாள். கிணறு மறுப்புத் தெரிவிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு ஏரம்பு தம்பிஐயாவின் சைக்கிள் பாரில் குந்தியிருந்து வந்து இறங்கினார். ஒடியல் பிட்டைப் புகழ்ந்தார். வீட்டைப் புகழ்ந்தார். கையைக் கழுவிக்கொண்டே, "மோட்டச்சைக்கிள் எப்பிடித் தம்பி?" என்றார்.

"நல்லாய் ஓடுது அண்ணை," என்றார் பஞ்சலிங்கத்தார். பொய் சொல்லும்போது வார்த்தைக்கு மேல் ஒரு வார்த்தை போடக் கூடாது. அவர் போட்டார். "பறக்குது."

"பிறகென்ன," என்று ஏரம்பு வெற்றிலையை மடித்தார். "எனக்கு மனம் பிடிச்சிட்டுது. நல்ல காரியத்தைத் தள்ளிப் போடப்படாது. பெடியனும் வந்து பிள்ளையை ஒருக்காப் பார்க்கட்டும், இண்டைக்கே சொல்லி முடிப்பம். நாலரைக்கு இராகுகாலம். சைக்கிளிலை போய்வர நேரம் காணாது. நீ உன்ரை மோட்டச்சைக்கிளிலை ஒரு ஓட்டம் போய் நடராசாவை ஏத்திக்கொண்டு வா. பறக்குதெண்டியே."

அடுத்த நல்ல நாள் எப்போது என்று தம்பிஐயாவிடம் கேட்கத் தேவையில்லை. ஆடி பிறக்க இருந்தது. ஆடி முடிவதற்குள் மாப்பிள்ளைகள் கொழும்புக்கும் அதற்கு அப்பாலும் போய்விடுகிற காலம். குசினி நிலையில் இராசமலரின் சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. அசையாமல் நின்றது.

பஞ்சலிங்கத்தார் கொட்டிலுக்குப் போனார். உதைத்தார். திரும்ப உதைத்தார். ஏரம்பு வெற்றிலையை மென்றபடி பின்னாலேயே வந்தார். சிரட்டையைப் பார்த்தார். சைலன்சரைப் பார்த்தார். எஞ்சினருகே குந்தி, தலை பூட்டியிருக்கிற இடைவெளியை நகத்தால் தடவிப் பார்த்தார். எழும்பினார். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றினார். தலையைச் சரித்தார். ‘ச்சு’ என்றார்.

"உந்த வேலை ஆர் பார்த்தது?"

பஞ்சலிங்கத்தார் தன் வாழ்நாளில் அந்தக் கேள்விக்கு எதிர்ப்புறத்தில் நின்றதில்லை. அங்கே இவ்வளவு வெயில் அடிக்கும் என்று அவருக்குத் தெரியாது.

"நான் வைச்ச தகடு எங்கை?" ஏரம்புவின் குரல் ஏறியது. "மண்ணெண்ணெயிலை ஓடட்டும் எண்டு நாள் முழுக்க இருந்து வெட்டின தகடு. எந்த விசரன் கழட்டினவன்? எனக்கு வேலை தெரியாதெண்டு நினைச்சவனோ?"

தம்பிஐயா குடையை எடுத்துக் கக்கத்துக்குள் வைத்தார். புறோக்கர்களுக்கு மழை வருவது முன்கூட்டியே தெரியும்.

நான்தான் என்றால் ஏரம்புவுக்கு ரோசம் வரும். திருத்தக் கராச்சில் கொடுத்தேன் என்றால் எந்தக் கராச் என்பார். பஞ்சலிங்கத்தாரின் தொண்டைக்குள் சத்தியம் ஒரு பக்கமும், அத்தனை நாள் அடக்கிய பால்மா ரின் மற்றப் பக்கமுமாக நின்று மல்லுக்கட்டின. பால்மா ரின் வெல்லுகிற மாதிரி இருந்தது. "அண்ணை, உண்மையைச் சொன்னால் உந்தத் தகடு—" என்று தொடங்கியேவிட்டார்.

குசினியிலிருந்து இராசமலர் வந்தாள். கையில் அந்தத் தகடு, கரி படிந்து. வளவுக்குள் கிடந்ததை எடுத்து அடுப்பில் கேத்திலுக்கு அடியில் வைத்திருந்தாள்.

"இதுவோ ஐயா?" என்றாள். ஏரம்பு வாங்கித் துடைத்துப் பார்த்தார். அவர் வாயைத் திறக்க முன்னம் அவள் கேட்டாள். "இப்பிடித் தகடு வைச்சு ஓட்ட வேண்டிய நிலைமையிலை, இதை உங்களுக்கு வித்தது ஆர் ஐயா?"

அண்ணனோடு ஒரே கூரைக்குக் கீழ் முப்பது வருடம் இருந்தவள். இந்த இனத்துக்கு எங்கே கூசும் என்று அவளுக்கு வேறு யார் சொல்லித்தர வேண்டும்?

ஏரம்புவின் முகத்தில் அந்த ஒளி பரந்தது. "அதைக் கேள் பிள்ளை. கோண்டாவில் முத்துக்குமாரு. இப்ப கனடாவிலை. உவன் எனக்குத் தரேக்கை பிளக்குக்குச் சீலை சுத்தியிருந்தவன்."

"சீலையோ?" என்றார் பஞ்சலிங்கத்தார். குரல் தழுதழுத்தது.

"உடுத்துக் கிழிஞ்ச சறம்."

"சறமோ அண்ணை. அந்த ஆணி?"

"அவன்தான்."

"எனக்கு அப்பவே தெரியும். ஒரு மனிசன் அறைஞ்ச ஆணி மாதிரியே இருக்கேல்லை."

பிறகு நடந்ததை ஒரு சம்பந்தப் பேச்சு என்றே சொல்ல வேண்டும். இருவரும் குந்தி எஞ்சின் தலையைக் கழற்றினார்கள். பஞ்சலிங்கத்தாரின் கைக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலையாகியிருந்தது. தகட்டை வைத்தார்கள், பூட்டினார்கள், இராசமலர் சவுக்காரம் கொண்டுவந்து கொடுத்தாள், ஒவ்வொரு நட்டுக்கும் முத்துக்குமாருவின் ஒவ்வொரு தலைமுறையாக இறுக்கினார்கள். இப்படிக் கூடி ஏசிய இருவர் பிறகு எப்படி அந்நியராவது? கனடாவில் அவனுக்குப் புரைக்கேறியிருக்கும். நாட்டை விட்டுப் போனவனால் இப்படி ஓர் உபகாரம். அவன் இருந்திருந்தால் இந்தக் கலியாணம் நடந்திராது, ஏனென்றால் அவன் தனக்கு விற்றவனைச் சொல்லியிருப்பான், அவனைத் தேடிப் போவதற்குள் நாலரை ஆகியிருக்கும்.

எழுப்புவதற்குப் பெற்றோல் இல்லை. பஞ்சலிங்கத்தாரின் போத்தல் எப்போதோ வற்றிவிட்டது. நல்லம்மா வேலிக்கு மேலால் தன் மருந்துப் போத்தலை நீட்டினாள். விடியத் தன் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற மெஷினை எழுப்ப வைத்திருந்த பெற்றோல். "இராசமலருக்காகத் தாறன். நாளைக்கு நிரப்பித் தரவேணும்." அவசரத்தில் பஞ்சலிங்கத்தார் முழுப் போத்தலையும் கவிழ்த்தார். வண்டி எழும்பியது, மண்ணெண்ணெயைக் குடித்தது, செருமியது, படலையைத் தாண்டியது. நாலரைக்குச் சற்று முன்னம் நடராசா முற்றத்தில் இறங்கி, தலைமயிரைக் கையால் அழுத்திக்கொண்டு, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் மோட்டார் சைக்கிளைப் பார்த்தான். "ஆர் திருத்தினது? நல்ல வேலை," என்றான். அவனுக்கு இந்த வியாதி இல்லை. இராசமலர் தேத்தண்ணி கொண்டுவந்தபோது சிரித்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஆவணியில் கலியாணம் முடிந்தது. நல்லம்மாவின் போத்தல் இன்னும் நிரம்பவில்லை. மறுநாள் விடிய அவள் மெஷின் எழும்பவில்லை. பனையோலைப் பட்டையால் இறைத்துத் தோள்மூட்டு வீங்கியதுதான் மிச்சம். பஞ்சலிங்கத்தாரிடம் கேட்டாள். "ஏரம்பு அண்ணை வைச்ச தகட்டுக்காலை வந்த செலவெல்லோ அக்கா, அவரைக் கேளுங்கோ." அரியாலைக்குச் சொல்லி அனுப்பினாள். "என்ரை தகட்டைத் தம்பி கழட்டினபடியால் எரிஞ்சது, அவனைக் கேளுங்கோ." பிறகு சம்பந்திகள் இருவரும் கலந்து பேசி, முறைப்படி பார்த்தால் அந்தப் பெற்றோலைத் தர வேண்டியவன் முத்துக்குமாரு என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

நல்ல வேடிக்கை மனிதர்கள் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நல்லம்மா இப்போது காண்கிறவர்களிடமெல்லாம் நியாயம் கேட்கிறாள். நாளைக்கு உங்களிடமும் வெறும் போத்தலைத் தூக்கிக் காட்டுவாள். அதைக் கையில் வாங்கி, தலையைச் சற்றே சரித்து, "இவ்வளவையும் ஆர் ஊத்தி முடிச்சது?" என்று நீங்கள் கேட்பீர்களாயின், அந்த இனத்தைத் தேடி வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை. அவள் கேட்பது பெற்றோல். அதை இன்னும் ஒருவரும் கொடுக்கவில்லை.