கருநீல டட்சனில் விழுந்த கோடுகள்

சட்டன், இலண்டன்
22.08.1990

அன்பும் மதிப்பும் நிறைந்த அண்ணைக்கு,

தங்கை சிவமலர் எழுதுவது. இங்கே நான், இவர், மகள் மூவரும் அம்மாளாச்சி புண்ணியத்தில் சுகம். அங்கே நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குப் படுத்துச் சுகமாக இருக்க வேண்டுகிறேன். எங்கள் வாசலில் நான்காவது ஆளாக உங்கள் கருநீல டட்சன் நிற்கிறாரே, அவருடைய சுகத்தைப் பற்றி எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது. உங்கள் கடிதம் கிடைத்து மூன்று கிழமையாகியும் பதில் போடாததற்கு அதுதான் காரணம், வேறு கோபதாபம் ஒன்றுமில்லை. போனில் சொல்லலாம் என்றால், எடுத்தவுடனே நீங்கள் "பிள்ளை என்ன செய்யிறாள்" என்று கேட்பீர்கள், நான் அழத் தொடங்கிவிடுவேன், பிறகு கார் எங்கே, கதை எங்கே.

மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிக் காரைப் பூட்டித் திறப்பை என் கையில் தந்துவிட்டுப் போனீர்கள். போன இடத்தில் ரொறன்ரோ பிடித்துவிட்டது, அங்கேயே நின்றுவிட யோசிக்கிறேன், காரை இனி வைத்திருந்து என்ன, வெஸ்ட் ஈலிங்கில் இருக்கும் குலசேகரம் அண்ணை இந்த மாதக் கடைசி ஞாயிறு வந்து பார்ப்பார், பிடித்தால் கொடுத்துவிடு என்று எழுதியிருந்தீர்கள். நின்றுவிட யோசிக்கிறேன் என்று எழுதிய அதே பேனையால், மூச்சு விடாமல் அடுத்த வரியில், "வெளியிலை கொஞ்சம் தூசி இருக்கும், மெல்லமாத் துடைச்சு வை" என்றும் எழுதியிருந்தீர்கள். முதல் வரியைத் திரும்பப் படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் இரண்டாவது வரியைப் பிடித்துக்கொண்டேன்.

தூசி என்றால் பெரிய தூசியில்லை அண்ணை. இந்த முறை இலண்டனில் மழை என்பதையே காணோம், எதிர்வீட்டில் கூரை பிரித்து வேலை நடக்கிறது, அந்தப் பொடியெல்லாம் பறந்து வந்து, குழந்தைக்குப் பவுடர் பூசினது போல் கார் முழுக்க மெல்லிசாய்ப் படிந்திருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் ஐந்து நிமிட வேலை. ஆனால் நீளக் குழாய் போட்டுத் தண்ணீர் அடிக்கக்கூடாது என்று தடை வந்துவிட்டதே. குழாய்க்குத்தான் தடை, வாளிக்கு இல்லை என்று இவர் அந்த நோட்டீசை இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். எனக்கு மனம் கேட்கவில்லை. எங்கள் அகதி விண்ணப்ப ஃபைல் இரண்டு வருஷமாகக் குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் கிடக்கிறது. ஊரெல்லாம் புல்லுக் காய்ந்து நிற்கும்போது நான் நடுறோட்டில் நின்று காருக்குத் தண்ணீர் வார்ப்பதை ஆராவது கண்டு, ஒரு கடிதம் எழுதிப் போட்டு, அது போய் அந்த ஃபைலுக்குள் ஏறிவிட்டால் என்ன செய்வது? "குரோய்டனிலை இருக்கிறவை உன்ரை வாளியைப் பாக்கவோ இருக்கினம்" என்று சொல்லிவிட்டு இவர் நித்திரைக்குப் போய்விட்டார். பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் செய்கிற மனிசனிடம் பகலில் நின்று வாதாட ஏலுமே?

சரி, தண்ணீரில்லாமல் துணியால் துடைப்போம் என்று முடிவெடுத்தேன். துணி என்றவுடனே எனக்கு அப்பாவின் மொறிஸ் மைனர் கார் வந்து கண்ணுக்குள் நின்றுவிட்டது. உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? வெள்ளிக்கிழமை காலையில் அப்பா தன் பழைய வேட்டி ஒன்றை நடுவால் கிழித்து ஆளுக்குப் பாதி தருவார். கரை உள்ள பாதி எப்போதும் உங்களுக்கு. வலப்பக்கம் உங்களுடையது, இடப்பக்கம் என்னுடையது, முன்மூடி பொனற்றின் நடுக்கோடு எல்லை. என் விரல் ஒன்று தப்பி அந்தப் பக்கம் போனால் போதும், "அப்பா, இவள் என்ரை பக்கத்துக்கு வாறாள்" என்று வழக்கு. அப்பா பேப்பரைத் தாழ்த்தாமலே, "ரெண்டு பேரும் சுத்திச் சுத்தித் தேய்க்காதையுங்கோ, முன்னாலையிருந்து பின்னாலை ஒரே இழுவை" என்பார். எனக்குக் கூரை எட்டாது. கூரையில் என் பக்கத்தையும் நீங்களே துடைத்திருக்கலாம், ஆனால் ஒரு நாளும் துடைக்கவில்லை. என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கி, "கெதியாத் துடை, கை நோகுது" என்று கத்திக்கொண்டு நிற்பீர்கள். அதற்குக் கூலியாகக் கோர்ன் அடிக்கும் உரிமை முழுக்க உங்களுக்கு. நான் ஒரு தரமேனும் அடித்ததில்லை என்பதை இந்த இடத்தில் பதிந்துவைக்கிறேன்.

ஆக, காருக்கு ஏற்ற துணி வேட்டிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. போன மாதம் கலாவதியின் கலியாணத்துக்கு இவருடைய வேட்டிக்கு நானே சோற்றுக்கஞ்சி வடித்துப் போட்டு, தகடு மாதிரி விறைக்க வைத்து அனுப்பினேன். இவர் முதல் பந்தியிலேயே சாம்பாரைக் கொட்டிக்கொண்டார். மஞ்சள் கறை, இனிக் கட்ட ஏலாது. தோய்க்காமல் மூலையில் கிடந்ததை எடுத்து, அப்பா கிழிப்பது போல் நடுவால் கிழித்தேன். கறையும் கரையும் உள்ள பாதியை வைத்துவிட்டு, வெள்ளைப் பாதியோடு வெளியே போனேன். மகள் தள்ளுவண்டியில் இருந்து மேற்பார்வை. துணி மொடமொடவென்று இருந்தது, தூசி அசையவில்லை. கொஞ்சம் ஈரம் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். வாளி கொண்டுவரப் பயம். மகளின் போத்தலில் கொதித்தாறிய தண்ணீர் இருந்தது. அக்கம்பக்கம் பார்த்து, அதை உள்ளங்கையில் ஊற்றி, உடுப்பு அழுத்த முன்னம் தெளிப்பது போல் துணியில் தெளித்தேன். பிறகு அப்பா சொன்னது போல் முன்னாலையிருந்து பின்னாலை ஒரே இழுவை. போகாத இடத்தில் கொஞ்சம் அமத்தினேன். இன்னும் போகாத இடத்தில் இன்னும் அமத்தினேன். எல்லாம் முடித்து, மகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், அண்ணை, கருநீலக் காரில் முன்னாலையிருந்து பின்னாலை வெள்ளை வெள்ளையாய்க் கோடு. பொனற்றில் மட்டும் முப்பத்தொன்று. உலர்ந்த துணியால் தேய்க்கத் தேய்க்க அது கூடினதே தவிரக் குறையவில்லை. உள்ளே ஓடிப் படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து காரை மூடினேன். இவர் கேட்டதற்கு, வெயிலுக்கு என்று சொல்லிவிட்டேன்.

மேல்மாடியில் இருக்கும் டொலறஸ் அக்காவின் கணவர் யேசுரட்ணம் அண்ணை, கார் கழுவும் இடத்தில் ஐந்து வருஷமாக வேலை செய்கிறவர். படியில் மறித்து விஷயத்தைச் சொன்னேன். விரிப்பைத் தூக்கிப் பாருங்கோ என்று கேட்டேன். பார்க்கத் தேவையில்லை, கேட்டாலே தெரியும் என்று படியில் நின்றே தீர்ப்புச் சொன்னார். "தூசி எண்டது மண், தங்கச்சி. மண்ணை வைச்சு அமத்தி இழுத்தால் கோடு விழாமல் கோலமோ விழும்?" முதலில் மேலேயிருந்து தண்ணீரை மெல்ல ஊற்றி மண்ணைக் கரைத்துவிட வேண்டுமாம். அதன் பிறகு மெத்தென்ற துணியை நனைத்து, கைப்பாரம் கொடுக்காமல், மடிப்பை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டுமாம். மோதிரம் காப்பெல்லாம் கழற்றிவிட வேண்டுமாம். தண்ணீர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "இல்லாட்டித் தூசி கிடக்கட்டும். தூசி காரைத் தின்னாது" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். என் கையில் அன்றைக்கு நாலு காப்பும் ஒரு மோதிரமும் இருந்தன.

நேற்றுக் குலசேகரம் அண்ணைக்குப் போன் எடுத்து உண்மையைச் சொன்னேன். கோடு விழுந்த கார் தனக்கு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை தான் வரவில்லை என்று சொல்லிவிட்டார். போனை வைத்தவுடன் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். மறைக்க என்ன இருக்கிறது, சந்தோஷம்தான் வந்தது. நீங்கள் ஆசையாய் வாங்கின காரைக் கெடுத்துவிட்டு இப்படிச் சந்தோஷப்படுகிற தங்கச்சி உலகத்தில் வேறு எங்கேயும் இருக்கமாட்டாள். ஆனால் அது வாசலில் நிற்குமட்டும், நீங்கள் ஏதோ கடைக்குப் போயிருக்கிறீர்கள், இப்ப வந்துவிடுவீர்கள் என்று ஒரு நினைப்பு. யன்னலால் பார்த்துப் பார்த்து மகளுக்கும் "மாமா கார்" என்று சொல்லப் பழக்கிவிட்டேன். அவளுக்குத் தெரிந்த ஆறு சொல்லில் அது இரண்டு. இனி இதை நான் விற்கவும் ஏலாது, திருத்தவும் ஏலாது. நீங்கள்தான் வந்து பார்த்து என்ன செய்வதென்று சொல்லவேண்டும். வந்து பேசுங்கோ, கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

இவர் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார், காரைப் பற்றி ஒன்றும் தெரியாமல். மகளின் முத்தங்கள் பல. அம்மாளாச்சி எப்போதும் உங்கள் பக்கத்தில் நிற்கட்டும்.

குற்றவாளியான உங்கள் தங்கை,
சிவமலர்

பி.கு.: கடிதத்தை ஒட்டி வைத்துவிட்டேன், தபாலில் போடமுன்னம் மழை வந்துவிட்டது, அதனால் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். விடிய வேலையால் வந்த இவர் வாசலில் நின்று கூப்பிட்டார். காற்றில் விரிப்பு வேலியில் கிடந்தது. காரில் ஒரு கோட்டைக்கூடக் காணவில்லை. எல்லாம் வெள்ளைக் கூழாய் வழிந்து சக்கரத்தடியில் நின்றது. தொட்டுப் பார்த்தேன், பிசுபிசுத்தது. அது கஞ்சி, அண்ணை. இரசாயனப் பட்டதாரி நான், மாப்பொருளுக்கு அயடீன் விட்டு நிறம் மாறுவதைப் பள்ளிக்கூடத்தில் எத்தனை வகுப்புக்குக் காட்டியவள். "காருக்கும் கஞ்சி போட்டிட்டாய், இனி இஸ்திரி போடவேண்டியதுதான் பாக்கி" என்று இவர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். யேசுரட்ணம் அண்ணை சும்மா வெருட்டிவிட்டார். கார் கண்ணாடி மாதிரி நிற்கிறது.

ஆகவே மேலே கோட்டைப் பற்றி எழுதினது ஒன்றும் உண்மையில்லை. குலசேகரம் அண்ணைக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை, சொல்லுகிற யோசனையும் இல்லை. நீங்கள் வந்து சொல்லுங்கோ. எதிர்வீட்டில் இன்னும் கூரை வேலை முடியவில்லை, தூசி திரும்பவும் படியும். மற்றப் பாதி வேட்டியை நாலு தரம் தோய்த்துக் கஞ்சி போக்கிக் கொடியில் போட்டிருக்கிறேன். கரை உள்ள பாதி.