கொம்பு நானாவும் நாலு மணியும்

மாத்தளையில் கிறுக்கர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், ‘தேநீர்’ப் பலகையில் கொம்பு எழுத்தை விட்டுத் தனியே நிற்கிறதென்று ஓடும் பஸ்ஸை நிறுத்தி, பலாபத்வலயில் இறங்கிச் சண்டை போட்டவர் எங்கள் கடை முதலாளி கொம்பு நானா ஒருவர்தான். அவருடைய டைப்பிங் கடையில் எனக்கு வேலை. ஏச்சு இலவசம்.

அன்று தோட்டத்துச் செல்லம்மாக்கா வாங்கில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்திரண்டு குடும்பங்களுக்கு வீட்டுக் காணி கேட்கும் இணைய விண்ணப்பம் நாலு மணிக்கு மூடிவிடும். பெயர்ப் பட்டியலை நான் பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்தேன். மூன்று மணிக்கு அதை விண்ணப்பத்தில் ஒட்டினால், தமிழ் மறைந்து, அக்காவின் பெயர் nry;ykh என்று நின்றது.

“இதா புள்ள எம் பேரு?” அக்கா திரையை எட்டிப் பார்த்தார்.

நான் கீபோர்டை இழுத்தேன். “நானா, நான் திருப்பி அடிச்சிர்றேன்!”

“கைய எடுங்க தங்கச்சி! கை பிழை விடும், பைத்தன் விடாது.”

பழைய எழுத்தை எடுத்து இணையம் ஏற்கும் யுனிகோட் எழுத்தை வைக்கும் பைத்தன் கணினி நிரலொன்றைத் தட்டி ஓட்டினார். வந்த பெயர்களில் கொம்புகளெல்லாம் எழுத்துக்கு முன்னால் அநாதையாக நின்றன. பழைய முறையில் கொம்பு முதலில் வரும், யுனிகோடில் எழுத்துக்குப் பிறகு. அவசரத்தில் மனுசன் கொம்பைத் தனியாகவும் எழுத்தைத் தனியாகவும் மாற்றிவிட்டார். ஊரார் கொம்பையெல்லாம் திருத்துகிறவருக்கு இந்தக் கதி!

“யா அல்லாஹ்! கொம்பையும் எழுத்தையும் சோடியாத்தான் மொதல்ல மாத்தணும்!”

நிரலின் வரிகளை மேலும் கீழும் மாற்றி மறுபடி ஓட்டினார். பட்டியல் பளிச்சென்று தமிழில் வந்தது. மணி மூன்று நாற்பத்தெட்டு. அனுப்பப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

“அக்கா, ஒவ்வொரு பேரா வாசிங்க.”

அவரைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது. அக்கா விரல் வைத்து நிதானமாக வாசித்தார். கடைசிப் பெயரில் விரல் நின்றது.

“செல்லமா... எம் பேருல ஒரு ‘ம்’ கொறையுதே. ஐடென்டிட்டி கார்டுல இருக்கே!”

விட்டது நான். பைத்தன் என் பிழையையும் பத்திரமாக மாற்றித் தந்திருந்தது. கார்டோடு பெயர் பொருந்தாவிட்டால் அக்காவுக்குக் காணி இல்லை. ‘ம்’ போட்டு அனுப்பும்போது மூன்று ஐம்பத்தெட்டு. நானா என்னை ஏசவே இல்லை. அதுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

காணி கிடைத்து அக்கா வீடு கட்டிக் குடிபோன அன்று, நானா வாசல் பெயர்ப் பலகையை எழுத்தெழுத்தாகப் பார்த்தார். “கொம்பு சரி,” என்றவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

அவரைக் கிறுக்கர் என்று நான் சொல்லலாம். வேறு யாராவது சொன்னால் சும்மா விடமாட்டேன்.