ராசா வேஷம்

உயிரோடு இருக்கும்போதே தன் ஒப்பாரியைக் கேட்கும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எனக்கு வாய்த்தது. அதுவும் வாத்தியக் குழு சகிதம்.

தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவில், ஒரு மாசி மாத ஞாயிறு மதியம். (திகதியும் தெரியும். வீட்டில் அதைச் சொல்லத்தான் தடை.) அப்போது நான் ஸ்காபரோ பண்டகசாலை ஒன்றில் பெட்டி அடுக்கினேன், மிச்ச நேரத்தில் வேல்ஸ் நாட்டு ஒப்பெராப் பாடகர் ஒருவரின் வரலாற்றைத் தொகுத்தேன். ரொட்டிக் கடைக்காரரின் மகன். தேவாலயத்தில் பாடத் தொடங்கி, லண்டனில் பெயரெடுத்து, அந்த உச்சக் குரலோடு உலகம் சுற்றியவர். அவர் முதன்முதல் மேடையேறிய ஆண்டு மட்டும் இடித்தது. இசைத்தட்டு உறை ஒன்றைச் சொன்னது, புத்தகம் இன்னொன்றைச் சொன்னது. அவரிடமே கேட்டாலொழிய என் வரலாறு முடியாது.

அவர் இங்கே பாட வருகிறார், வாய் திறக்காத வேஷங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அறிந்து ஓடினேன். கிடைத்தது பிணம். செத்துப்போன அரசன் நான். அவர் என் மகனாக என்மேல் குனிந்து பாடுவார்.

யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்திருந்த மாமி, என்ன வேஷம் என்று கேட்டார். ராசா வேஷம் என்றேன். மிச்சத்தைச் சொல்ல மருமகனின் கௌரவம் இடம் தரவில்லை. பார்க்க மேல்மாடியில் அவருக்கு ஓர் இடமும் எடுத்துக் கொடுத்தேன்.

ஒப்பனை அறைக் கண்ணாடியில், சாம்பல் பூசிய முகத்தைப் பார்த்தேன். சவப்பெட்டிக்குள் கிடந்த என் ஐயாவின் முகம் அது. நான்கு பேர் என்னைத் தூக்கிப்போய் மேடையில் கிடத்தி, கால்வரை துணியால் மூடினார்கள். துணிக்குள் வெறுங்கால். எங்கிருந்தோ ஒரு குளிர் அதில் ஏறியது. பாடகர் குனிந்தார். அவர் குரல் மெல்லத் தேய்ந்த இடத்தில், மேல்மாடி இருட்டிலிருந்து இன்னொரு குரல் எழுந்தது.

"என்ரை ராசா... கால் குளிருதோ ராசா... ஒரு சப்பாத்துமில்லாமல் கிடத்திப்போட்டாங்களே ராசா..."

துணிக்குள் இருந்தது வெறுங்கால் என்று மாமிக்கு எப்படித் தெரிந்தது? கண்மூடிக் கிடந்த எனக்கு ஒரு கணம் நிச்சயமாகிவிட்டது: நான் செத்துவிட்டேன், என்னிடம்தான் ஒருவரும் சொல்லவில்லை. இல்லையென்று காட்ட மேல்மாடியை நோக்கிக் கையை உயர்த்தினேன்.

அரங்கமே அலறியது. பாடகர் பின்வாங்கி, என்னைச் சுற்றி நட்டிருந்த மெழுகுதிரிகளோடு சேர்ந்து விழுந்தார். திரையை இறக்கினார்கள்.

உள்ளே தன் அறையில் பாடகர் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். இனிச் சந்தர்ப்பம் வராது என்று, பூசிய சாம்பலோடேயே போய் அந்த ஆண்டைக் கேட்டேன். செத்தவர்களுக்குத் தான் பேட்டி கொடுப்பதில்லை என்றார். கதவைச் சாத்துமுன், தான் பாடிய அதே சுருதியில்தான் அந்த அம்மா அழுததாகவும் சொன்னார்.

என் வரலாற்றில் அந்த ஆண்டு இன்றும் வெற்றிடம். நான் சோபாவில் கண்ணயர்ந்தால் பிள்ளைகள், "அப்பா, எங்கை, கையைத் தூக்குங்கோ பாப்பம்" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், மாமியைத் தவிர.

"உங்களுக்கு அழவேண்டியதை நான் அண்டைக்கே அழுது முடிச்சிட்டன், தம்பி," என்பார். "இனி என்னட்டை இல்லை."

அன்றிலிருந்து நான் காலுறை போடாமல் படுப்பதில்லை.