பாதுகாப்பே முதல், புளிசோறு அப்புறம்

உலகத்தில் ஆபத்துகள் எல்லாம் எதற்காக இருக்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? எங்கள் பிராங்கிளின் சார் அவற்றுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். அவர் மட்டும் பிறக்காமல் இருந்திருந்தால் புயல், பூகம்பம், பஞ்சர் முதலியவை வேலை இல்லாமல் திண்டாடியிருக்கும்.

விம்கோ நகரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில் இருக்கிறது எங்கள் கம்பெனி. பிராங்கிளின் சார் அதன் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி. நான் அருள்நாதன், அவர் பிரிவில் எழுத்தர். கம்பெனி அம்மோனியாவை வாங்கிச் சேமித்து விற்கிறது. அவ்வப்போது கொஞ்சத்தை எதிர்த்தெருவுக்கு இலவசமாகவும் தருகிறது.

சென்ற வருடம் அப்படித் தந்தபோது மக்கள் நன்றி மறந்து சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அதன் பலன்தான் தெருமுனையில் நாங்கள் கட்டிய ‘மக்கள் பாதுகாப்பு அறை’. உள்ளே சிவப்புப் பெட்டிகளில் தெருவாசிகளுக்கான முகமூடிகள், ஆக்சிஜன் சிலிண்டர்கள், டார்ச் விளக்குகள். முகமூடியின் ரப்பர் வெயிலில் கெட்டுவிடும் என்று நிபுணர்கள் சொன்னதால் அறைக்கு ஏசி வைத்தோம். அந்தத் தெருவில் வேறு எதற்கும் ஏசி கிடையாது. மனிதர்கள் ரப்பரால் ஆனவர்கள் அல்லவே.

திறப்பு விழாவில் சுப்பராயனுக்கு முகமூடி மாட்டிப் போட்டோ எடுத்தோம். அவர் எங்கள் கம்பெனியில் ஒப்பந்தக் கூலியாக டாங்க் கழுவி, இழுப்பு நோயை மட்டும் சம்பாதித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தவர். சார் அவர் தோளில் கைபோட்டு, “இனிமேல் உங்கள் மூச்சு கம்பெனியின் பொறுப்பு” என்று அறிவித்தார்.

சுப்பராயனின் மனைவி கன்னியம்மா குறுக்கே வந்தாள். “போட்டோ புடிச்சாச்சு. சாவி யாராண்ட கீது சார்?”

“என்னிடம்தான். மிகப் பாதுகாப்பாக இருக்கிறது.”

ஆபத்து வந்தால் சைரன் அலறும். எங்கள் பக்கத்தில் அதற்குச் சங்கு என்று பெயர். சாவு வீட்டில் ஊதுவதும் சங்குதான். ‘பொதுமக்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது’ என்று சார் சுற்றறிக்கையே விட்டிருந்தார்.

இந்த மே மாதம் சார் குடும்பத்தோடு ஏற்காடு போக முடிவு செய்தார். சாதாரண மனிதன் என்றால் நாலு இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வண்டி ஏறிவிடுவான். சார் கம்பெனிக் கூட்ட அறையில் ‘பயணப் பாதுகாப்பு ஆலோசனைக் கூட்டம்’ கூட்டினார். ராயபுரத்திலிருந்து அவர் மனைவி ஐரீன் மேடம் சிறப்பு அழைப்பாளராக வந்திருந்தார்.

“தயிர்சோறு?” என்றார் சார்.

“வெயிலில் புளித்து வாயு உண்டாகும் சார். உயர் அபாயப் பிரிவு” என்றேன்.

“நீக்கு. புளிசோறு?”

“நிலைத்தன்மை வாய்ந்தது சார்.”

“சேர்.”

“இன்னாங்க இது?” என்றார் ஐரீன் மேடம். “சோறு கெட்டுப்பூட்ச்சா இல்லியான்னு மூக்கு சொல்லும். அதுக்கு ஒரு கூட்டமா? எது இருக்குதோ இல்லியோ, கருவாட்டுத் தொக்கு இல்லாம எங்கம்மா வண்டில ஏறமாட்டாங்க.”

சார் முகம் இறுகியது. “தொக்கு கசியக்கூடிய பொருள். இரட்டை உறை போட்டால்தான் அனுமதி.”

நான் அதைப் பயபக்தியுடன் குறித்துக்கொண்டேன். எங்கள் அம்மோனியா டாங்குக்கு ஒற்றை உறைதான்.

அடுத்து அவசரகாலச் சாமான்கள். வழியில் ஒரு டேங்கர் லாரி கவிழ்ந்து வாயு கசிந்தால் குடும்பத்தின் கதி என்ன என்று சார் கேட்டார். பதில் அவருக்கே தெரிந்திருந்தது.

“மக்கள் பாதுகாப்பு அறையில் எல்லாம் சும்மாதானே கிடக்கிறது? ‘களப் பரிசோதனை’ என்று போட்டு நான் எடுத்துப் போகிறேன்.”

“அந்த நேரத்தில் இங்கே ஏதாவது ஆகிவிட்டால், சார்?”

“அருள், நான்தான் ஊரில் இருக்கமாட்டேனே! பாதுகாப்பு அதிகாரி விடுப்பில் இருக்கும்போது விபத்து நடப்பது விதிமீறல் இல்லையா?”

இப்படி ஒரு மூளை எங்கள் கம்பெனிக்குக் கிடைத்ததற்கு நாங்கள் எத்தனை தலைமுறை புண்ணியம் செய்திருக்க வேண்டும்!

கிளம்புவதற்கு முதல் நாள் மேடம் சமைத்து முடித்தார். மே மாத வெயிலில் அத்தனை சோறும் தாங்காது. வீட்டு ஃப்ரிட்ஜில் இடமில்லை. ஆகவே புளிசோறு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, முறுக்கு, தொக்கு எல்லாம் அதே மாதிரி சிவப்புப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, ஏசி குளிரில் முகமூடிகளுக்குப் பக்கத்தில் துயில்கொண்டன.

மறுநாள் விடியலில் நடந்ததை வேன் டிரைவர் ஷாரிக் எனக்குப் பிற்பாடு சொன்னான். கன்டெய்னர் லாரி வரிசைக்குள் மாட்டிக்கொள்ளாமல் ஊரைத் தாண்ட வேண்டும் என்று சார் பறந்துகொண்டிருந்தார். ஷாரிக் பெட்டிகளைப் பார்த்தான், வேனைப் பார்த்தான்.

“சார், அல்லாத்தையும் ஏத்த முடியாது. எத்த மொதல்ல ஏத்தட்டும்? சோறா, இந்த மூஞ்சி மாட்டற சாமானா?”

சார் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். முதல் என்ற சொல் காதில் விழுந்ததும், எங்கள் கம்பெனிச் சுவர் முழுக்க எழுதியிருக்கும் மந்திரம் அவர் வாயிலிருந்து தானாக வந்தது.

“பாதுகாப்பே முதல்!”

ஷாரிக் பாதுகாப்பை முதலில் ஏற்றினான். வேன் நிறைந்துவிட்டது. சார் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, உள்ளே எட்டிப் பார்க்காமலே அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். வேன் ஏற்காட்டை நோக்கிப் புறப்பட்டது.

அன்று காலையிலேயே எங்கள் டாங்கின் வால்வு விதிமீறலில் ஈடுபட்டது.

வாடையை முதலில் உணர்ந்தவர் காவலாளி உச்சிமாகாளி. ஆனால் அவர் பதறவில்லை. “மேடத்தோட தொக்கு கெட்டுப்போச்சுபோல” என்று எனக்குப் போனில் சொன்னார். பூட்டிய அறையின் கதவிடுக்கில் மூக்கை வைத்து மோந்து பார்த்து, தொக்கு நிரபராதி என்று அவர் தீர்ப்புச் சொல்வதற்குள் தெரு முழுவதும் கண் எரிந்து ஓட ஆரம்பித்திருந்தது. அதன் பிறகுதான் சங்கு ஊதினார்.

நான் வாயில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு ஓடியபோது என் போன் அடித்தது. சார்.

“அருள்! பேரிடர்! மதுராந்தகம் ஏரிக்கரையில் சாப்பிட உட்கார்ந்து பெட்டியைத் திறந்தால் எல்லாம் முகமூடி! புளிசோறு எங்கே?”

“சார், இங்கே அம்மோனியா கசிந்து...”

“அதை அப்புறம் பார்ப்போம். ஏசி ஓடுகிறதா? தொக்கு பத்திரமா?”

எதிரே கன்னியம்மா அம்மிக் குழவியால் அறையின் பூட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் சுப்பராயன் ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் காற்றைப் பிடிக்கப் பார்த்தார். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. அந்த இழுப்புச் சத்தம் சாரின் குரலையும் மீறிக் கேட்டது. ஆனால் நான் எழுத்தர், மூச்சு என் வேலைப்பட்டியலில் வராது.

பூட்டு உடைந்தது. கன்னியம்மா முதல் பெட்டியைத் திறந்தாள். புளிசோறு. இரண்டாவது பெட்டி, முறுக்கு. மூன்றாவதில் இரட்டை உறைக்குள் தொக்கு.

“இன்னா சார் இது?” அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். “எம் புருசன் மூச்சு எங்க சார்?”

அது மதுராந்தகம் ஏரிக்கரையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்வதற்கு எனக்கு அதிகாரம் இல்லை.

சுப்பராயனை மீன்பாடி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சாயங்காலம் வாடை அடங்கியது. அடுப்பு மூட்ட வேண்டாம் என்று உத்தரவு இருந்ததால், பசித்து அழுத பிள்ளைகளுக்குத் தெருவாசிகள் அந்தச் சோற்றையே பிரித்துக் கொடுத்தார்கள்.

சோதனைகளைச் சாதனைகளாக மாற்றுவதில் எங்கள் நிர்வாகத்துக்கு இணை கிடையாது. ‘சிறு வாடை வீசிய சில மணி நேரத்தில் மக்களுக்குச் சுவையான உணவு, முன்கூட்டியே சேமித்து வைத்திருந்த அதிகாரியின் தொலைநோக்கு’ என்று மறுநாளே பத்திரிகைகளுக்கு அறிக்கை போயிற்று. அதை எழுதியவன் அடியேன்தான்.

களப் பரிசோதனையும் மகத்தான வெற்றி. ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் சாரின் மகன் நோயல் வாந்தி எடுத்தபோது, குடும்பம் முழுவதும் முகமூடி மாட்டிக்கொண்டு நாற்றத்திலிருந்து உயிர் தப்பியது.

சார் திரும்பி வந்ததும் அவருக்கு ‘ஆபத்பாந்தவர்’ விருது வழங்க விழா எடுத்தோம். பந்தல், பன்னீர், சால்வை. பயனாளிகள் சார்பில் நன்றி சொல்லக் கன்னியம்மாவை மேடை ஏற்றினோம். என்ன பேச வேண்டும் என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். சுப்பராயன் வரவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் குழாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

கன்னியம்மா நான் கொடுத்த தாளைக் கசக்கி இடுப்பில் செருகிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள்.

“நைனாமாருங்களே, எனுக்குப் பேசத் தெரியாது. ஆனா இந்தக் கம்பெனிக்காரங்களுக்கு எம்மாம் முன்ஜாக்கிரத, அத்த மட்டும் சொல்லிட்டுப் பூட்றேன்.”

முன்ஜாக்கிரதை என்றதும் முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. சார் கண்களைத் துடைத்துக்கொண்டார். அவள் தட்டல் ஓயும்வரை பொறுமையாக நின்றாள்.

“ஊர்ல ஆளு செத்தப்பறந்தான் சங்கு ஊதுவாங்க. அதுக்கும் அப்பறந்தான் கருமாதி சோறு. எம் புருசன் உசுரோட கீற சொல்லோவே இவுங்க சங்கையும் ஊதி, கருமாதி சோத்தையும் ஆக்கி, கெட்டுப்பூடாம ஏசில வெச்சிட்டுப் போனாங்கோ.”